தனிமையும் தென்புலத்தார் கடனும்

தனிமையைப் பேறாகப் போற்றும் மரபு தமிழுக்குப் புதியதன்று. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஏகாந்தத்தை இனியவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது; சித்தர்கள் மலைக்குகைகளை நாடிச் சென்றனர். எனினும், அது பற்றறுக்க விரும்பியோர் தாமே தேடிக்கொண்ட தனிமையாகும். வேண்டாமல் வந்து சூழும் தனிமைக்கும் ஆன்மிகப் பொருள் உண்டோ என்னும் வினாவிற்கு மலையகம் அளித்த விடைகளுள் ஒன்றாகச் சி. வி. வேலுப்பிள்ளையின் ‘தேயிலைத் தோட்டத்திலே’ அமைகின்றது.

பூண்டுலோயா மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை அங்கிருந்தே கண்டவர். 1950களில் ஆங்கில நூலாக வெளிவந்த அவரது நெடும்பாடலைச் சக்தீ பால ஐயா தமிழாக்கினார்.

லயத்துக் காம்பரா ஒன்றில் ஒரு குடும்பமே நெருங்கி வாழ்ந்த தோட்டங்களில், ஒருவர் தனித்திருக்கவும் இடமில்லை. ஆகவே இப்பாடல் புலப்படுத்தும் தனிமை ஆளில்லாமையன்று, நினைப்பாரில்லாமையாகும். தேயிலையை வளர்த்தவர்கள் அத்தேயிலையின் அடியிலேயே மண்ணாயினர். அவர்க்கு நினைவுச் சின்னமுமில்லை, மலருமில்லை எனக் கவிஞர் இரங்குகிறார். இவ்விரக்கம் வெறும் புலம்பலாக நின்றுவிடுவதில்லை. இல்வாழ்வான் ஓம்பவேண்டியோருள் தென்புலத்தாரை முதற்கண் வைத்தார் வள்ளுவர். நாடு மறந்த மூதாதையர்க்கு அக்கடனைக் கவிதை ஆற்றுகிறது. துறவியின் தனிமை பற்றை அறுத்துப் பொருள் பெறுகிறது. இங்கோ, அறுந்த பற்றை மீண்டும் பிணைப்பதனாலேயே தனிமை பொருள் பெறுகிறது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். சுமத்தப்பட்ட தனிமையைத் தவமென்று போற்றுவது, சுமத்தியோரின் பொறுப்பை மறைப்பதாகும். வேலுப்பிள்ளை அத்தவற்றைச் செய்யவில்லை. உழைப்பின் கொடுமையையும் மாண்டோரின் மேன்மையையும் ஒருங்கே வைக்கிறார். எனினும் குறையொன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுந்தமையால், எவரைப் பாடிற்றோ அவருட் பெரும்பாலோர்க்கு அப்பாடல் தமிழாக்கம் வரும்வரை எட்டாதிருந்தது. அதனால் அம்மக்கள் தம் முன்னோரை மறந்திருந்தனர் என்று கொள்ளலாகாது. இழவு வீட்டிற் பெண்கள் பாடிய ஒப்பாரி அக்கடனை வீட்டளவிற் செய்து வந்தது. கவிதை அதனையே நாட்டார் அனைவர் முன்னிலையிலும் செய்தது. மலையக நாட்டார் பாடல்களைக் கவிஞரே தேடித் தொகுத்தமை, இவ்வுறவை அவர் உணர்ந்திருந்தமைக்குச் சான்றெனலாம்.

மலையகத் தனிமையின் ஆன்மிகத்தை மௌனத்தில் தேடுவார்க்கு அது அகப்படாது. மாண்டாரை விளித்தழைக்கும் குரலிலேயே அது உறைகின்றது.