தொகுதியின் வரலாறும் தலைவனின் வரலாறும்: ராபர்ட் காரோவின் நூலை முன்வைத்து

அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றைப் பல பாகங்களாக எழுதியவர் ராபர்ட் காரோ. அதன் முதற்பாகமான 'தி பாத் டு பவர்' 1982இல் வெளிவந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் 10ஆம் காங்கிரசுத் தொகுதியை அறிய விழைவோர் பெரும்பாலும் இந்நூலையே நாடுவர். (காங்கிரசு என்றதும் நம்மவர்க்கு இந்தியக் கட்சியே நினைவுக்கு வரும், ஈண்டு அச்சொல் அமெரிக்க நாடாளுமன்றத்தைக் குறிக்கிறது.) நாட்டுப்புறத் தொகுதி ஒன்றன் அரசியல் வரலாறாக இந்நூல் எவ்வளவு தேறும் என்பதே நம் வினா.

மின்சாரம் வருமுன் அத்தொகுதியின் மேற்குக் குன்றுப் பகுதியில் பெண்கள் பட்ட பாட்டைக் கூறும் இயல் நூலின் உச்சம். ஒரு வேளாண் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 காலன் நீர் வேண்டும். அதனைக் கிணற்றிலிருந்து இறைத்துச் சுமந்தவர்கள் பெண்களே. கோடையிலும் விறகடுப்பை மூட்டி, ஆறேழு இறாத்தல் எடையுள்ள இரும்புப் பெட்டிகளைச் சூடேற்றித் துணி தேய்த்தனர். காரோ அவ்வட்டாரத்திலேயே குடியிருந்து முதியோரிடம் கேட்டறிந்தவை இவை. அரசியல் என்பது உடல்நோவைத் தீர்க்கும் வினை என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய பிறிதொரு நூலை நாம் அறியோம்.

அவ்வியலின் வெற்றியே நூலின் குறைக்கும் காரணமாகிறது. 10ஆம் தொகுதி அன்று பத்துக் கவுண்டிகளைக் கொண்டது. குன்றுப் பகுதி அதன் மேற்கு ஓரம் மட்டுமே. நடுவில் ஆஸ்டின் நகரமும் கிழக்கே பருத்தி நிலங்களும் இருந்தன. அந்நிலங்களில் உழைத்த கறுப்பினக் குத்தகை உழவர்க்கும் மெக்சிகோ வழிவந்தோர்க்கும் குன்றுப் பகுதிப் பெண்களுக்குக் கிட்டிய விரிவு நூலில் வாய்க்கவில்லை. 1937 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் ஜான்சன் எட்டாயிரத்துச் சொச்சம் வாக்குகளால், அதாவது பதிவானவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பெற்று வென்றார். இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த தொகுதியில் முப்பதாயிரம் பேரளவிலேயே வாக்களித்தனர். வாக்களிக்கத் தலைவரி கட்டவேண்டிய மாநிலம் அது. ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் கறுப்பினத்தவர்க்கு இருந்த தடையோ 1944இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால்தான் நீங்கியது. தொகுதியின் வரலாற்றை எழுதுவோர் வாக்களித்தோரை மட்டுமன்றி, வாக்களிக்க இயலாதோரையும் எண்ணியாக வேண்டும்.

மற்றொன்று. ஜான்சனுக்கு முன்னர் 1913 முதல் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் புக்கானன், இறக்கும்போது பிரதிநிதிகள் அவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர். கொலராடோ ஆற்று அணைகளுக்குப் பணம் வந்ததில் அவர் பங்கு பெரிது. ஓர் அணை அவர் பெயராலேயே வழங்குகிறது. காரோ இதனை மறைக்கவில்லை. எனினும் கதையின் ஓட்டத்தில் புக்கானன், நாயகன் வருமுன் மேடையை ஆயத்தம் செய்பவராகவே சுருங்கிவிடுகிறார்.

மின்சாரம் வந்த கதையும் அவ்வாறே. மைலுக்கு மூன்று வீடுகளேனும் இருந்தாலன்றிக் கடனில்லை என்ற நாட்டுப்புற மின்மய வாரியத்தின் விதியைத் தளர்த்த ஜான்சன் அதிபர் ரூஸ்வெல்ட் வரை சென்றார். இது மெய்யான சாதனை. அதனைக் குறைத்துக் கூற நமக்கு எண்ணமில்லை. ஆனால் மின்கம்பியை இழுத்தது 1938இல் உருவான பெடர்னாலிஸ் மின்சாரக் கூட்டுறவுச் சங்கம். கைப்பொருள் அருகிய உழவர்கள் ஐயத்தோடு கையொப்பமிட்டு அதன் உறுப்பினர் ஆயினர். சட்டப்படி சங்கத்தின் உடைமையாளர்கள் அவர்களே. காரோவின் பக்கங்களிலோ அவர்கள் விளக்கெரியக் கண்டு நன்றி கூறுவோராக நிற்கின்றனர்.

ஜான்சன் 1949இல் செனட்டுக்குச் சென்றபின் தொகுதியை ஹோமர் தார்ன்பெரியும், 1963 முதல் ஜே. ஜே. பிக்கிளும் வகித்தனர். 2003ஆம் ஆண்டின் எல்லைச் சீரமைப்பு, 10ஆம் எண்ணை ஆஸ்டினிலிருந்து ஹூஸ்டன் புறநகர் வரை நீண்ட நிலப்பரப்புக்கு அளித்தது. 2005 முதல் அவ்விடம் குடியரசுக் கட்சியிடம் சென்றது. கூட்டுறவுச் சங்கமோ தொடர்ந்து இயங்கியது. அதன் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறையை எதிர்த்து 2007இல் நீதிமன்றம் சென்றவர்கள் அச்சங்கத்தின் உறுப்பினர்களே.