நெடும்புனைவும் வாசகரின் இருமனமும்: ‘பர்வ’, ‘வெண்முரசு’ – ஓர் ஒப்பீட்டு நோக்கு

முன்னுரை

மைசூரிலுள்ள ரங்காயணா நாடக நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் எஸ். எல். பைரப்பாவின் ‘பர்வ’ என்னும் கன்னட நாவலைப் பிரகாஷ் பெலவாடியின் இயக்கத்தில் மேடையேற்றியது. ஏறத்தாழ 8 மணிநேரம் நீண்ட நிகழ்ச்சி அது. மகாபாரதத்தை அடியொற்றிய ஒரு படைப்பு ஏன் இத்துணை நீள வேண்டும் என்னும் வினாவிற்கு, அரங்கில் அமர்ந்திருந்தோர் அன்றைய பொழுதிற்குள்ளேயே விடை கண்டிருக்க இயலும். தமிழில் ஜெயமோகனின் ‘வெண்முரசு’ நாவல் வரிசையைப் படித்தோர்க்கு அதே வினா ஆறரை ஆண்டுகள் உடன்வந்தது. 2014 சனவரி முதல் நாள் தொடங்கி, ஆசிரியரின் இணையதளத்தில் நாளுக்கு ஓர் அத்தியாயமாக வெளிவந்து, 2020 சூலையில் நிறைவுற்ற இவ்வரிசை 26 நாவல்களைக் கொண்டது.

‘வெண்முரசு’ பற்றிப் பேசுவோரை முற்றும் போற்றுவோர், முற்றும் மறுப்போர் என இரு கூறாகப் பிரித்துக் காண்பது எளிது. திறனாய்வாளரின் கவனத்திற்கு உரியவர் இவ்விருவரினும் வேறானவர். ஒரே படைப்பின்பால் வியப்பையும் சலிப்பையும் ஒருங்கே உணர்பவர். சில நாவல்களை மீண்டும் மீண்டும் படித்துச் சிலவற்றைப் பாதியில் நிறுத்தியவர். அவ்வாறு நிறுத்தியமைக்காகத் தம்மையே குறைகூறிக் கொள்வோரும் உண்டு. இத்தகையோரின் இருமனம் வாசகரின் பொறுமைக் குறைவால் விளைந்ததா, படைப்பின் அமைப்பால் விளைந்ததா என்பதை ‘பர்வ’ நாவலோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீளம் பற்றிய பழைய வழக்கு

பாரதக் கதையை எவ்வளவு நீட்டலாம் என்பது தமிழுக்குப் புதிய வினா அன்று. வில்லிபுத்தூரார் 18 பருவங்களைப் பாடவில்லை. 10 பருவங்களோடு, 4,300-க்கு மேற்பட்ட செய்யுட்களில், போரின் முடிவை ஒட்டித் தம் நூலை நிறுத்தினார். பின்வந்த நல்லாப்பிள்ளை, வில்லியின் பாடல்களையும் தம் நூலுள் ஏற்று, விடுபட்ட கதைகளையும் எஞ்சிய பருவங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 14,000 செய்யுட்களாக விரித்தார். ஒருவர் சுருக்கியதை மற்றொருவர் நிறைவு செய்ய வேண்டியிருந்தது என்பதிலிருந்து, சுருக்கத்தை விரும்பும் மனமும் முழுமையை விரும்பும் மனமும் தமிழ்ப் பாரத மரபில் இணைந்தே இருந்தன என்பது பெறப்படும்.

வட தமிழகத்துத் திரௌபதியம்மன் கோயில் விழாக்கள் இதனை வேறொரு முறையில் தீர்த்துக்கொண்டன. அங்குப் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் பல நாட்கள் தொடர்ந்து நடைபெறுகின்றன. ஊரார் அனைவரும் எல்லா நாளும் கேட்பதில்லை. அர்ச்சுனன் தபசுக்கு வருபவர் வேறொரு நாள் வயல்வேலைக்குச் சென்றுவிடுவார். படுகளத்திற்கும் தீமிதிக்கும் மீண்டும் வந்துவிடுவார். விடுபட்ட பகுதியை அவர் இழப்பாகக் கருதுவதில்லை. கதை முழுவதும் ஊரின் நினைவில் உள்ளது; தனியொருவர் அதனை முழுமையாகச் சுமக்க வேண்டியதில்லை.

‘வெண்முரசு’ இம்மரபின் உறுப்புகள் பலவற்றை ஏற்றுள்ளது. சூதர்கள் பாடிக் கதை சொல்வது, ஒரே நிகழ்வு வெவ்வேறு வாயிலாக வெவ்வேறு வடிவில் வருவது, கிளைக்கதைக்குள் கிளைக்கதை பிறப்பது ஆகியன அத்தகையன. ஆயின் இதனை எதிர்கொள்பவர் தனித்திருந்து படிக்கும் நவீன வாசகர். நாவல் என்னும் வடிவம் முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை ஒருவரே படித்து முடிப்பதை எதிர்பார்க்கிறது. கேட்போர் கூட்டத்திற்கு உரிய அமைப்பைத் தனிவாசகர் ஒருவர் சுமக்க நேர்வதே மேற்கூறிய இருமனத்தின் முதற்காரணம் எனலாம். பாதியில் நிறுத்தியவர்க்குக் குற்றவுணர்வு தோன்றுவதும் இதனாலேயே ஆகும்.

தொடரின் காலமும் நூலின் காலமும்

தொடராக வெளிவரும் நெடும்புனைவு வாசகரின் வாழ்நாளில் ஒரு பகுதியைத் தனதாக்கிக் கொள்கிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்தது. கதை முடிந்த பின்னரும் வாசகரின் வினாக்கள் ஓயாமையால், கதைமாந்தரின் பிற்கால வாழ்வை முடிவுரையில் ஆசிரியர் எடுத்துரைக்க நேர்ந்தது. ஆங்கிலத்தில் ராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கிய ‘காலச் சக்கரம்’ என்னும் மிகைபுனைவு வரிசை, 2007-இல் அவர் மறைந்த பின் பிராண்டன் சாண்டர்சன் என்பவரால் 2013-இல் 14-ஆம் தொகுதியோடு நிறைவு செய்யப்பட்டது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996-இல் தொடங்கிய வரிசையின் ஐந்தாம் தொகுதி 2011-இல் வெளிவந்தது. இவ்வகை வரிசைகளைப் படிப்போரின் கவலை, கதை முடியுமா, எவ்வாறு முடியும் என்பதாகும்.

‘வெண்முரசு’ வாசகர்க்கு இக்கவலை இல்லை. கதையின் முடிவு அவர் பிறக்குமுன்பே முடிவாகிவிட்டது. எனவே அவருடைய ஆர்வமும் குறையும் ‘என்ன நடக்கும்’ என்பதை விடுத்து ‘எவ்வாறு சொல்லப்படுகிறது’ என்பதையே பற்றி நிற்கின்றன.

நாளுக்கு ஓர் அத்தியாயம் படித்தவரும் பின்னர் அச்சுநூலாகப் படிப்பவரும் ஒரே படைப்பைப் படித்தவர் அல்லர் என்பதும் கருதத்தக்கது. முன்னவர்க்கு ஓர் அத்தியாயத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தன. பிற வாசகரின் கடிதங்களும் இருந்தன. சிறிய அளவிலேனும் அஃது ஒரு கேட்போர் கூட்டமாக அமைந்தது. பின்னவர்க்கு இவ்விடைவெளி இல்லை. நூல் பற்றிய முரண்பட்ட மதிப்பீடுகள் பலவற்றை இவ்வேறுபாட்டைக் கொண்டே விளக்க இயலும்.

நீளம் பயன்படும் இடம்

முதல் நாவலான ‘முதற்கனல்’ அம்பையின் துயரை விரிவாகப் பேசுகிறது. அவளுடைய சினம் சிகண்டியிடம் கையளிக்கப்படுகிறது. பீஷ்மரின் வீழ்ச்சி 19-ஆம் நாவலாகிய ‘திசைதேர் வெள்ளம்’ என்பதில் நிகழ்கிறது. இவ்விரண்டிற்கும் இடையில் 17 நாவல்கள் உள்ளன. சுருங்கிய பாரதத்தில் அம்பையின் சூளும் பீஷ்மரின் வீழ்ச்சியும் காரணமும் காரியமுமாக அடுத்தடுத்து நிற்கும். இங்கோ வாசகர் அம்பையை ஏறத்தாழ மறந்துவிட்ட நிலையில் அச்சினம் மீண்டு வருகிறது. அரண்மனையும் அவளை மறந்திருந்தது, வாசகரும் மறந்திருந்தார். அம்மறதியில் தமக்கும் பங்குண்டு என்பதை வாசகர் உணர்வதற்கு நீளம் இன்றியமையாததாகிறது. நீளத்தை வெறும் அளவாக மட்டும் எண்ணிக் குறைகூறுவோர் காணத் தவறுவது இதனையே.

மொழியும் இவ்வாறே இருவகை விளைவுடையது. தியானத்தை ‘ஊழ்கம்’ என்றும் மந்திரத்தை ‘நுண்சொல்’ என்றும் வழங்கி, வடசொற்களை இயன்றவரை விலக்கிய நடை ‘வெண்முரசு’ நடை. ‘கல்பொருசிறுநுரை’ என்னும் தலைப்பு குறுந்தொகையினின்று பெறப்பட்டது. வடமொழிப் பெருங்கதை ஒன்று தமிழ்ச்சொல்லால் புதிதாகச் சமைக்கப்படும் இம்முயற்சி தமிழறிஞர்க்கு உவகை தரத்தக்கது. எனினும், உயர்ந்த சொல்லாட்சி எல்லா மாந்தர்க்கும் பொதுவாகிவிடும்போது, காவலனின் பேச்சும் அரசனின் பேச்சும் ஒரே ஓசையுடையன ஆகும் இடங்கள் உள்ளன. இராதையின் அன்பை உணர்ச்சிச் செறிவுமிக்க நடையில் கூறும் ‘நீலம்’ நாவலை வரிசையின் உச்சம் என்பாரும், அதனைக் கடக்க இயலாமல் நின்றோம் என்பாரும் இருப்பது இயல்பே.

போர் நாவல்களும் ‘பர்வ’ நாவலும்

வாசகரின் சலிப்பு மிகுதியும் சுட்டுவது போர் பற்றிய பகுதியையே. ‘செந்நாவேங்கை’ முதல் ‘தீயின் எடை’ வரையிலான 5 நாவல்கள் போரின் ஆயத்தத்தையும் 18 நாள் நிகழ்வுகளையும் கூறுகின்றன. படைசூழ்கை, எதிர்ப்பு, வீழ்ச்சி, இரவின் கணக்கெடுப்பு என்னும் ஒழுங்கு மீண்டும் மீண்டும் வருகிறது. போரின் பொருளின்மையை உணர்த்தவே இச்சலிப்பு திட்டமிடப்பட்டது என்று கூறுவது ஒரு தற்காப்பு. அத்தற்காப்பு ஓரளவே பொருந்தும். சலிப்பைப் பற்றிய சித்திரம் வேறு. சலிப்பூட்டும் சித்திரம் வேறு. அம்பையின் கதையில் வாசகரின் மறதி பின்னர்ப் பொருள் பெற்றது போல, போரின் மீள்கூற்றுகள் யாவும் பொருள் பெறுகின்றன என்று கூற இயலாது. ஒரு வீழ்ச்சி புதிய கண்ணால் காணப்படும்போது நீளம் தாங்குகிறது. ஆளின் பெயர் மட்டும் மாறும்போது தளர்கிறது.

இவ்விடத்தில் ‘பர்வ’ தரும் ஒப்பீடு பயனுடையது. மைசூரில் ஆசிரியப் பணியாற்றி அந்நகரிலேயே நெடுங்காலம் வாழ்ந்து 2025 செப்டம்பரில் மறைந்த பைரப்பா, 1979-இல் வெளியிட்ட நாவல் இது. பாவண்ணனின் தமிழாக்கமான ‘பருவம்’ 2005-ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது. தெய்வ அற்புதங்களை முற்றும் நீக்கி, தேவர்களை மலைநாட்டு மாந்தராக்கி, மத்திர நாட்டுச் சல்லியனில் தொடங்கி, குந்தி, திரௌபதி, வீமன் முதலியோரின் நினைவோட்டங்கள் வழியே கதையை நடத்துகிறது இந்நாவல். போர் இங்கு வீரச்செயல்களின் நிரலாக அமையவில்லை; உணவு, நீர், பிணம், கழிவு ஆகியவற்றின் சிக்கலாக அமைகிறது. ஆதலின் ஒரு நூலளவில் போரின் வெறுமை உணர்த்தப்படுகிறது.

‘பர்வ’ இதற்காகக் கொடுத்த விலையும் உண்டு. கண்ணனின் தெய்வத்தன்மையை நீக்கியமை கன்னட வாசகர் சிலர்க்கு உடன்பாடாக இல்லை. தொன்மத்தின் மறைபொருளும் அதனோடு நீங்கியது என்பது அவர்தம் குறை. ‘வெண்முரசு’ அம்மறைபொருளை மீட்டு வந்தது. அதனோடு மிகைபுனைவின் பரப்பையும் ஏற்றுக்கொண்டது. ‘இமைக்கணம்’ கீதையை மீளப் பேசுவதும், ‘சொல்வளர்காடு’ உபநிடதச் சிந்தனைகளைக் கதையாக்குவதும் பைரப்பாவின் அமைப்பில் இடம்பெற இயலாதவை. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. ஆனால் இரண்டும் ஒரே நூலில் அமைதல் அரிது.

முடிவுரை

‘வெண்முரசு’ பற்றிய வாசகரின் இருமனம் தெளிவின்மை அன்று. நூலின் அமைப்பைச் சரியாக உணர்ந்ததன் விளைவு. கூட்டுக் கேள்விக்குரிய பாரத மரபு தனிவாசிப்பிற்குரிய நாவலாக மாறியதன் பயனும் பிழையும் அவ்வுணர்வில் பதிவாகியுள்ளன. முழுதும் படித்தோர் மட்டுமே பேசலாம் என்று விதித்தால், பாதியில் நின்றவர் தரும் சான்று இழக்கப்படும். எங்கு நின்றார், ஏன் நின்றார் என்பதும் படைப்பைப் பற்றிய செய்தியே ஆகும்.

ஆகவே இத்தகைய நெடும்புனைவை ஒரே தீர்ப்பால் அளத்தல் பொருந்தாது. நாவல்தோறும், பகுதிதோறும், நீளம் எங்குப் பொருளாகிறது, எங்குச் சுமையாகிறது என்று பிரித்தறிதல் வேண்டும். வில்லியைக் கற்போர் நல்லாப்பிள்ளையையும், நல்லாப்பிள்ளையைக் கற்போர் வில்லியையும் மறத்தல் கூடாது என்பது பழைய பாடம். தமிழ்த்துறைகள் ‘வெண்முரசு’ நூல்வரிசையையும் ‘பருவம்’ தமிழாக்கத்தையும் அருகருகே வைத்துக் கற்பிக்குமாயின், அப்பாடம் இன்றைய மாணவர்க்கும் பயன்படும்.