இசைத்தட்டும் ஆசிரியனும்

இசைவாணர் பலர், தம்மை இத்துறைக்கண் ஈர்த்தது இன்ன இசைத்தட்டென எடுத்துரைத்தல் பெருவழக்காயிற்று. அவ்வுரைகளைக் கேட்போருட் சிலர், தட்டே ஆசிரியனாய் அமையும், வேறோர் ஆசிரியன் வேண்டா என முடிபு கொள்கின்றனர். அம்முடிபு பொருந்துமா என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இதற்குத் தக்க சான்று, வடபுல இசையிற் பெரும்புகழ் எய்திய பீம்சேன் ஜோஷி அவர்களின் வரலாறாம். கன்னட நாட்டவராகிய அவர், சிறுவயதில் ஒரு கடையிற் சுழன்ற தட்டொன்றில், கிரானா மரபினராகிய அப்துல் கரீம் கான் பாடிய ஜிஞ்சோட்டி ராகத் தும்ரியைக் கேட்டார். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிட அளவினதே. அச்சிறு பொழுது அவர் வாழ்நாளையே மாற்றிற்று. 1933-ல், தம் 11-ஆம் அகவையில், ஆசிரியனைத் தேடி வீடு துறந்தார். பலவூர் அலைந்து, முடிவிற் கரீம் கானின் மாணாக்கராகிய சவாய் கந்தர்வரை அடைந்து, அவர் மனைக்கண் உடனுறைந்து கற்றார். 2008-ல் பாரத ரத்னா விருது அவரை நாடி வந்தது. தட்டு அவரை வீட்டில் இருத்திற்றில்லை. எழுப்பி ஆசிரியன்பால் ஓட்டிற்று. இதுவே நோக்கற்பாலது.

அக்கரீம் கான் நமக்கு முற்றும் அயலாரல்லர். தென்னாட்டிசையை விரும்பித் தியாகையரின் கரகரப்பிரியாக் கீர்த்தனமொன்றையும் தட்டிற் பாடியவர். 1937 அக்டோபரில், சென்னையினின்று புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் உடல் நலங்குன்றி, சிங்கப்பெருமாள் கோயில் புகைவண்டி நிலையத்தில் இறங்கி, ஆண்டே உயிர்நீத்தார். யாம் வதியும் பென்னலூரை அடுத்த திருப்பெரும்பூதூரினின்று ஒரகடம் வழியாகச் செல்லும் ஆலைச்சாலை சென்று சேர்வது அவ்வூரிலேயாம்.

அண்மையில் இங்கு ஆலையொன்றில் இரவுமுறை வேலை செய்யும் இளைஞர் ஒருவர், கைப்பேசியிற் கேட்டுப் பாடஞ்செய்த தேவாரப் பதிகத்தை எம்முன் பாடினார். பண் வழுவிற்றில்லை. ஆயினும் ஓரிடத்துச் சொல்லின் நடுவே மூச்சுவிட்டு அதனைப் பிளந்தார். என்னையெனின், "பதிவிலும் அப்படித்தான் உள்ளது, ஐயா" என்றார். முதியவர் ஒருவரின் தளர்ந்த மூச்சு இவர்க்கு இலக்கணமாயிற்று! வேறு சுருதியிற் பாடுக என்றபோது தடுமாறினார்; பதிவில் இல்லாத திருப்பாட்டை அப்பண்ணிலேயே பாடுக என்றபோது வாளா நின்றார். குரலிற் குறையில்லை; தடுத்துத் திருத்துவார் அவர்க்கு வாய்த்திலர்.

அற்றேல் பதிவுகள் பயனிலவோ எனின், அற்றன்று. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய இராசரத்தினம் பிள்ளை 1956-ல் மறைந்தாரேனும் அவர்தம் தோடி இன்றும் நம் செவிக்கண் உள்ளது. தருமபுரம் சுவாமிநாதன் அவர்களின் திருமுறைப் பதிவுகள் ஓதுவார் இல்லாத ஊர்க்கும் பண்ணைக் கொண்டு சென்றன. அவ்வுதவி பெரிதே.

எனினும் திருமுறை கண்ட வரலாற்றை நினைமின். தில்லையில் ஏடு கிடைத்த பின்னும் பண் கிடைத்திலது. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரைக் கண்டே பண்ணடைவு வகுக்கப்பெற்றது என்பது மரபு. ஏடு சொல்லைக் காத்தது. பண்ணை உயிருள்ள மிடறே காத்தது. தட்டு ஒலியையும் காக்குமாகலின் ஏட்டினும் ஒருபடி மேலதே. ஆயினும் கேட்போன் பிழையை அது கேளாது.

காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டு கூறும் நம் சித்தாந்தம். இறைவன் பொருளைக் காட்டுதலோடு அமையாது, உயிரோடு உடனின்று கண்டும் உதவுகின்றான். அதனை ஈண்டு உவமையாகக் கொள்ளின், தட்டுச் செய்வது முன்னையது ஒன்றே. மாணாக்கனோடு உடனிருந்து கேட்டுத் திருத்தும் பின்னையது ஆசிரியன் செயலாம். ஆகலின், தம்மைத் தூண்டிய தட்டைப் போற்றும் இசைவாணர், தம்மைத் திருத்திய ஆசிரியரையும் உடன் கூறுதல் முறையாம்.

அவ்விளைஞரை ஞாயிறுதோறும் வருமாறு பணித்தேம். முதனாட் பாடம், அவ்வொரு சொல்லைப் பிளவாது பாடுதலே.