விழுந்த ஹெலி: இங்கேயும் இலங்கையிலும்

பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் ரிமோட் ஹெலிகாப்டர் எந்த மண்ணில் விழுந்தாலும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் உடைகிறது. சுழலும் இறகு முதலில் தரையைத் தொடும். அடி அதோடு நிற்காது. இரண்டு இறகுகளையும் இணைக்கும் ஃபெதரிங் ஷாஃப்ட் வளையும், அதைத் தாங்கும் மெயின் ஷாஃப்ட் வளையும், கீழே பிளாஸ்டிக் மெயின் கியரின் பற்கள் சிதறும். சில வேளை இறகே சாய்ந்து ஹெலியின் வாலை, டெயில் பூமை, வெட்டிவிடும். இறகின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டாரான சர்வோவுக்குள் வெளியே தெரியாமல் ஓரிரு பற்கள் போயிருக்கும். சென்னைக்கு வெளியே வறண்ட ஏரியில் விழுந்தாலும் வவுனியாவில் ஒரு மைதானத்தில் விழுந்தாலும் கதை இதுதான். அதற்குப் பிறகுதான் இரு நாட்டுக்காரர்களின் பாடும் வேறாகிறது. காரணம் கைத்திறன் இல்லை. உதிரிபாகம் வந்து சேரும் வழி.

பழகுபவர்களிடம் பரவலாக இருந்த 450 வகையையே எடுத்துக்கொள்வோம். இறகின் நீளம் 325 மில்லிமீட்டர், மொத்த எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. தைவானின் அலைன் நிறுவனம் கொண்டுவந்த டி-ரெக்ஸ் 450இன் அளவுகளை ஒட்டியே சீன நிறுவனங்கள் நகல்களைச் செய்தன. அதனால் ஒன்றின் பாகம் பெரும்பாலும் மற்றொன்றுக்குப் பொருந்தும். விழுவதற்குப் பயப்படாமல் பழக முடிந்ததே இந்த மலிவு நகல்களால்தான்.

தமிழ்நாட்டில் இந்தப் பொழுதுபோக்கைப் பலருக்கு அறிமுகப்படுத்தியவர் நடிகர் அஜித்குமார். குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா ட்ரோன் குழுவுக்கு 2018இல் அவர் ஆலோசகரானபோது, பறக்கும் பொம்மை பெரியவர்களுக்கும் உரியது என்று ஊர் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குப் பின் வந்த ட்ரோன் மோகம் கடைகளை நான்கு விசிறிப் பக்கம் திருப்பிவிட்டது. இன்று சென்னை ரிச்சி தெருவில் பேட்டரி, மோட்டார், சர்வோ எல்லாம் தேடிப் பிடித்துவிடலாம். ஃபெதரிங் ஷாஃப்ட் வேண்டுமென்றால் ஆன்லைன்தான்.

இந்தியச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விமானி ஏறாமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் எதுவும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளுக்குள் வந்துவிடும். 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. முழுசாகக் கட்டியது, பாதி கட்டியது, பிரித்துப் பெட்டியில் அடுக்கியது எல்லாமே தடைக்குள். தனித்தனி உதிரிபாகங்களுக்கு மட்டும் தடை இல்லை. ஆக, புது ஹெலி வரவழைக்கத்தான் சிக்கல். விழுந்த ஹெலியை எழுப்பத் தடையில்லை. பழைய 450 ஒன்று பரணில் கிடந்தால் அதன் சட்டகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அத்தனையையும் புதிதாகப் போட்டுவிடலாம். இத்தடையால் பழுதுபார்ப்புக்குத்தான் மதிப்பு கூடியது என்பேன்.

இலங்கையில் வழி இன்னும் குறுகல். ஆளில்லாப் பறக்கும் கருவி என்பதால் பாதுகாப்பு அமைச்சு, வானலை பயன்படுத்துவதால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, பறப்பதால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை என்று கேட்கவேண்டிய கதவுகள் பல. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து நான்கே நாளில், ஏப்ரல் 25 அன்று, இவ்வகைக் கருவிகளை இயக்குவதே மறு அறிவித்தல் வரை நிறுத்தப்பட்டது. அடுத்த அடி பணத்தில் விழுந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த விலை மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஒரு விபத்துக்கு 50 டாலர் பாகம் என்று வைத்துக்கொண்டால், 10,000 ரூபாய்ச் செலவு இரண்டே மாதத்தில் 18,000 ஆனது. அதே 50 டாலர் அன்றைக்கு இந்தியருக்குச் சுமார் 3,800 ரூபாய்தான்.

இலங்கையின் வடக்கில் பொருள் கிடைக்காமல் வாழ்ந்த பழக்கம் இதைவிடப் பழையது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பேட்டரிக்கே வழியில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் ராட்சதப் பட்டங்களைக் கட்டுகிற கைகளுக்கு முறிந்த மூங்கிலை நூல் சுற்றி நிமிர்த்துவது பெரிய காரியம் அல்ல. வீசி எறியாத கை அது. அந்தக் கை ஹெலிக்கு வரும்போதுதான் எனக்குப் பயம்.

ஏனென்று கணக்குப் போட்டால் தெரியும். 450இன் இறகு ஒன்று ஏறத்தாழ 35 கிராம். நிமிடத்துக்கு 2,500 சுற்றில் அது தன் பிடியை ஏறக்குறைய 50 கிலோ தொங்குவதுபோல் இழுக்கிறது. இறகின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கார்பன் இறகில் விரிசல் விழுந்த இடத்தில் பசை தடவி, நூல் சுற்றிப் பறக்கவிட்டால் அந்த 50 கிலோவும் பசையின் தலையில். ஃபெதரிங் ஷாஃப்டும் அப்படித்தான். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தக்கூடாது. லேத் பட்டறையில் எந்த அளவுக்கும் கடைந்து தருவார்கள். ஆனால் உரிய உருக்கும் பதமும் இல்லாமல் சாதா இரும்பில் கடைந்தது அடுத்த பறப்பிலேயே வளையலாம், அல்லது முறியலாம்.

இந்தியப் பக்கத்தின் குறை வேறு. பாகம் கிடைக்கிறது என்ற தைரியத்தில் கண்ணில் பட்டதை மட்டும் மாற்றிவிட்டு மறுநாளே பறக்கவிடுகிறார்கள். மெயின் ஷாஃப்டைக் கழற்றிக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்த்தால் இலேசான வளைவும் தள்ளாடிக் காட்டிக்கொடுக்கும். சர்வோ கையை விரலால் மெல்ல ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினால் பல் போன இடம் துள்ளும். உலோகத்தில் ஏறும் ஒவ்வொரு திருகுக்கும் மறுபடி பூட்டுப்பசை வைக்கவேண்டும். இதையெல்லாம் பொறுமையாகச் செய்பவர்களை, அடுத்த பாகம் எப்போது வரும் என்று தெரியாத ஊரில்தான் அதிகம் எதிர்பார்க்கலாம்.

இரு கரைக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு: கறுப்பு மணல். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இலங்கையின் புல்மோட்டையிலும் இல்மனைட் எடுக்கிறார்கள். இரும்பு கலந்த அந்த மணல் மோட்டாருக்குள் இருக்கும் வலுவான காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது. கடற்கரையில் விழுந்த ஹெலிக்கு மோட்டாரைக் கழற்றி, ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்த பிறகுதான் மின்சாரம்.

பாகத்தைக் கையோடு கொண்டுவரவும் வழி உண்டு. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் 2019இல் விமானம் வந்தது, நடுவே நின்று 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. சொந்தக்காரர் பையில் கியரும் ஷாஃப்டும் எளிதாக வரும். லித்தியம் பேட்டரிதான் வம்பு. உதிரி பேட்டரி கைப்பையில் மட்டுமே வரலாம். 450க்கான 11.1 வோல்ட், 2,200 மில்லியாம்ப்-மணி பேட்டரி 24 வாட்-மணிதான், 100 என்ற வரம்புக்குள் அடங்கும். பெரிய ஹெலிக்கான 22.2 வோல்ட், 5,000 மில்லியாம்ப்-மணி என்றால் 111. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டும். விழுந்து நசுங்கியதோ உப்பியதோ எந்தப் பையிலும் வரக்கூடாது.

கடைசியாக, இரு நாட்டு நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விரிசல் விட்ட இறகை அப்படியே குப்பையில் போடாதீர்கள். வேறொருவர் எடுத்து ஒட்டிப் பார்ப்பார். இரண்டாக அறுத்துப் போடுங்கள்.