பொண்டின் கைத்துப்பாக்கி: ஒரு பண்டத்தின் வரலாறு

வெகுசனக் கலைகளை ‘நச்சுக்கலை’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடும் வழக்கம் முற்போக்கு விமர்சகர் பலரிடம் உண்டு. ஜேம்ஸ் பொண்ட் திரைப்படங்கள் இவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் முதன்மையானவை. அவை வன்முறையைப் போற்றுகின்றன, பெண்களை இழிவுபடுத்துகின்றன, ஏகாதிபத்தியத்துக்குத் துதி பாடுகின்றன என்பன மெய்யே. ஆனால் மெய்யான தீர்ப்பொன்று ஆய்வுக்கு ஈடாகிவிடாது. ஏகாதிபத்தியத்தின் எந்தக் கட்டத்துக்குரிய துதி இது என்பதே கேட்கப்படவேண்டிய வினா. அதற்கான விடையைக் கதையிலும் பார்க்க, கதாநாயகன் மேற்சட்டைக்குள் மறைத்துத் திரியும் பொருளிலேயே தெளிவாகக் காணலாம்.

1962 இல் வெளிவந்த ‘டொக்டர் நோ’ படத்தின் தொடக்கப் பகுதியை நோக்குவோம். உளவுத்துறைத் தலைவர் ‘எம்’, பொண்டிடமிருந்த இத்தாலியப் பெரெற்றாவைப் பறித்துக்கொள்கிறார். முந்திய பணியொன்றில் அது சுடாது இறுகிக்கொண்டமையால் பொண்ட் ஆறு மாதம் வைத்தியசாலையிற் கிடக்க நேர்ந்ததாம். படைக்கல அதிகாரியான பூத்ரோயிட் அவனிடம் புதியதொன்றை ஒப்படைக்கிறார்: 7.65 மில்லிமீற்றர் வால்தர் பி. பி. கே. விருப்பமில்லையெனில் சாதாரண உளவுப்பணிக்குத் திரும்பிப் போகலாம் என்கிறார் எம். வெளியேறும்போது பழைய துப்பாக்கியை மெல்ல எடுத்துச் செல்ல முயல்பவனை, அதை வைத்துவிட்டுப் போகும்படி பணிக்கிறார். உலகைக் காக்கும் வீரனுக்குத் தன் தொழிற்கருவியைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை. பிளெமிங்கின் கதையமைப்பை 1965 இல் ஆராய்ந்த உம்பேர்த்தோ எக்கோ, எம்முக்கும் பொண்டுக்குமுள்ள உறவை ஆதிக்கம், அடங்கல் என்னும் எதிர்நிலையாக வகுத்தார். அது அடிப்படையிற் கூலியுழைப்பின் உறவு என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லவேண்டும்.

புதிய துப்பாக்கிக்குப் படைக்கல அதிகாரி கூறும் நற்சான்று இதனினும் முக்கியமானது. அமெரிக்க சீ. ஐ. ஏ. இதனைப் பெரிதும் நம்புகிறது என்கிறார் அவர். இத்தாலியக் கருவி நீக்கப்பட்டு, ஜேர்மனியக் கருவி, அமெரிக்கச் சிபாரிசின் பேரில், பிரித்தானியக் கையில் வைக்கப்படுகிறது. பேர்மிங்காமின் வெப்ளித் துப்பாக்கி பேரரசின் படைகளுடன் எத்தனையோ நாடுகளுக்குச் சென்றது. இந்த அறையில் அதன் பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. மகாராணியின் ஒற்றனுக்குக் கொடுக்க அவருடைய நாட்டில் ஒரு துப்பாக்கியில்லை! இந்த வறுமையைப் படம் வறுமையாகக் காட்டாது, நல்ல பண்டத்தைத் தெரிந்தெடுக்கும் இரசனையாகக் காட்டுகிறது. அதன் கருத்துநிலைத் தொழிற்பாடு இங்கேதான் உள்ளது.

இக்காட்சியின் ஊற்று 1956 ஆம் ஆண்டிலே உள்ளது. 1953 இல் வந்த முதல் நாவலிலிருந்தே பொண்ட் 0.25 அங்குலப் பெரெற்றாவை வைத்திருந்தான். கிளாஸ்கோவைச் சேர்ந்த துப்பாக்கி வல்லுநர் ஜெப்ரி பூத்ரோயிட், அது பெண்களுக்கேற்ற துப்பாக்கி என 1956 இல் ஆசிரியருக்கு எழுதினார். பிளெமிங் அதனை ஏற்று, 1958 இல் வந்த நாவலில் அவரையே ஒரு பாத்திரமாக்கினார். அதே 1956 இன் இறுதியில் அமெரிக்க நெருக்குதலினால் பிரித்தானியா சூயசிலிருந்து பின்வாங்கியது. பிரதமர் ஈடன் உடல்நலங்குன்றி ஓய்வெடுக்கச் சென்ற இடம் ஜமேக்காவில் இருந்த பிளெமிங்கின் வீடு. தற்செயல்தான். எனினும் பேரரசின் ஆண்மை ஐயத்துக்குள்ளான ஆண்டிலேயே அதன் கற்பனை வீரனின் துப்பாக்கியும் பெண்மைக்குரியதெனக் குற்றஞ்சாட்டப்பட்டது மனங்கொள்ளத்தக்கது.

1962 ஓகஸ்ட் 6 இல் ஜமேக்கா சுதந்திரம் பெற்றது. ஒக்டோபரில் படம் திரைக்கு வந்தபோது, திரையில் அது இன்னும் ஆளுநர் மாளிகையுள்ள குடியேற்ற நாடாகவே இருந்தது. அங்கே பொண்டுக்குத் துணைநிற்கும் கேமன் தீவு மீனவன் குவாறலிடம், தன் சப்பாத்தை எடுத்துவரும்படி பொண்ட் ஏவுகிறான். பின்னர் குவாறல் தீக்கக்கும் வண்டியால் எரிந்து சாகிறான். துப்பாக்கி இரசிகர்கள் இப்படத்திற் பிழை பிடிப்பதில் வல்லவர். பேராசிரியர் டென்ற் வைத்திருப்பது ஸ்மித் அன்ட் வெசன் என்கிறது வசனம். கையிலிருப்பதோ கோல்ற் என்பர். டென்றின் துப்பாக்கி வெறுமையான பின்னரே பொண்ட் அவனைச் சுட்டுக்கொல்கிறான் என்பது அவர்களின் பிழைத்திருத்தத்தில் இடம்பெறுவதில்லை.

வால்தரின் பிறப்பிடம் துரிங்கியா. 1930களின் தொடக்கத்தில் உருவான பி. பி. கே. நாசி அதிகாரிகள் விரும்பிச் சுமந்த துப்பாக்கி. 1945 இல் ஹிட்லர் தன்னையே சுட்டதும் அதனால்தான். ஹம்பேர்க்கை அண்டிய நொயன்கம்ம வதைமுகாமிலே இந்நிறுவனத்துக்காகக் கைதிகள் ஆயுதம் செய்தனர். 17 ஆண்டுகளுக்குள் அதே பெயர் நாகரிகக் கனவானின் அணிகலனாயிற்று. பண்டம் தன்னை உண்டாக்கிய கைகளை மறைத்துவிடும் என்று மார்க்ஸ் காட்டியதற்கு இதனினும் கொடிய உதாரணம் தேடுவது அரிது.

பயன்மதிப்பும் பரிவர்த்தனை மதிப்பும் முற்றாகப் பிரிந்த நிலைக்கும் இவ்வரலாற்றிற் சான்றுண்டு. 1963 இன் ‘ருஷ்யாவிலிருந்து அன்புடன்’ படத்தின் விளம்பரத்துக்கு ஷோன் கொனரியைப் படமெடுத்த நாளில், துப்பாக்கியை எடுத்துவர மறந்துவிட்டனர். புகைப்படக் கலைஞர் டேவிட் ஹேர்ன் தம்மிடமிருந்த வால்தர் காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்தார். தோட்டா சுடாத அந்த விளையாட்டுக் கருவியே உலகச் சுவர்களிலெல்லாம் பொண்டின் ஆயுதமாயிற்று. 2010 இல் இலண்டன் ஏலத்தில் அது 2,77,250 பவுணுக்கு விலைபோனது.

1974 இன் ‘தங்கத் துப்பாக்கி மனிதன்’ படத்திற் கொலைஞன் ஸ்கரமாங்காவின் துப்பாக்கி, பேனா, சிகரெட் பெட்டி, தீமூட்டி முதலியவற்றை இணைத்து ஆக்கப்பட்டது. ஒரு வேட்டுக்கு அவன் பெறுவது 10 இலட்சம் டொலர். நீ அற்ப சம்பளத்துக்குச் செய்வதையே நானும் செய்கிறேன் என்று அவன் பொண்டை எள்ளுகிறான். உண்மையைப் பேச இப்படங்களுக்கு ஒரு வில்லன் வேண்டியிருக்கிறது.

ஹொங்கொங் சீனாவிடம் கையளிக்கப்பட்ட 1997 இல் வந்த ‘நாளை என்றும் அழிவதில்லை’ படத்தில் பி. பி. கே.யின் இடத்தை, அப்போது புதிய வரவான வால்தர் பி. 99 பிடித்தது. பொண்ட் அதனைக் கண்டெடுப்பது வியட்நாமிற் சீன உளவுப்பெண்ணின் ஆயுதக் கிடங்கில். தன் அலுவலகத்திடம் அதைக் கேட்டிருந்ததாகவும் சொல்லிக்கொள்கிறான். கேட்டது வராத அரசாங்க ஊழியன்!

2012 இன் ‘ஸ்கைபோல்’ படத்தில் வால்தர் பி. பி. கே./எஸ். வருகிறது, பொண்டின் உள்ளங்கை அடையாளம் பதித்து. அவனன்றி வேறெவரும் அதனாற் சுட முடியாது. உடைமையுரிமை உலோகத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது. மக்காவுச் சூதாட்ட மனையில் அதனைக் கைப்பற்றும் காவலாள் விசையை அழுத்துகிறான்; வேட்டு எழவில்லை; கொமோடோ உடும்பு அவனை இழுத்துச் செல்கிறது. திரையரங்கு சிரிக்கும்படியாகவே காட்சி அமைக்கப்பட்டுள்ளது. குவாறலுக்காவது ஒரு பெயர் இருந்தது. இவனுக்கு அதுவும் இல்லை.