கல்கத்தா நடைபாதையும் நமது அழகுணர்ச்சியும்

1996ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி இரவு கல்கத்தா மாநகரின் முக்கிய வீதிச் சந்திகளில் இருந்த நடைபாதைக் கடைகள் உடைத்தெறியப்பட்டன. மாநகராட்சி ஊழியர் வந்தனர், பொலிசார் வந்தனர், அவர்களோடு ஆளுங்கட்சித் தொண்டர்களும் வந்தனர். கரியாஹாட் முதலிய இடங்களில் மூங்கிலாலும் தகரத்தாலும் தார்ப்பாயாலும் எழுப்பப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான கடைகள் சில மணி நேரத்தில் குப்பைக் குவியலாயின. இந்தக் காரியத்துக்கு அரசு சூட்டிய பெயர் ‘ஒப்பரேஷன் சன்ஷைன்’. தமிழிற் கூறின், சூரிய ஒளி நடவடிக்கை. நள்ளிரவில் நடத்திய வேலைக்குச் சூரியனின் பெயர்!

இதனைச் செய்தது அந்நிய ஆட்சியன்று, பெருமுதலாளிகளின் கட்சியுமன்று. 1977 முதல் மேற்கு வங்கத்தை ஆண்டுவந்த இடதுசாரி முன்னணி அரசே செய்தது. ஜோதி பாசு அப்பொழுது முதலமைச்சர். நிலச் சீர்திருத்தத்தாலும் குத்தகை விவசாயிகளின் உரிமைப் பதிவாலும் நாட்டுப்புறத்து ஏழையின் நன்றியைப் பெற்ற ஓர் அரசு, நகரத்து ஏழையின் கூடையை ஏன் உதைத்தது? இக்கேள்வியை இடதுசாரிகளின் எதிரிகள் பல தடவை எழுப்பியிருக்கின்றனர். அவர்கள் கேட்டார்கள் என்பதற்காக நாம் கேளாதிருக்க வேண்டியதில்லை. எதிரி கேட்பது கட்சியை ஏசுவதற்கு. நாம் கேட்பது, முற்போக்கான அரசியலைக் கொண்டவர்களிடமும் பிற்போக்கான அழகுணர்ச்சி எவ்வாறு குடிகொள்கிறது என்பதை அறிவதற்கு. அவ்வகையில் இது இலக்கியப் பிரச்சினையுமாகும்.

உடைக்கப்பட்ட கடைகளுக்குரியவர் யார் என்பதை முதலில் நோக்குவோம். 1947இல் வங்காளம் இரண்டாகப் பிளக்கப்பட்டபோது கிழக்கிலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் கல்கத்தாவை வந்தடைந்தனர். நிலமும் தொழிலும் இழந்து வந்த அவர்களிற் பலருக்கு நடைபாதையே பிழைப்பிடமாயிற்று. ஐம்பதுகளில் பி. சி. ராய் தலைமையிலான காங்கிரஸ் அரசே இந்நிலையை ஏற்று, ‘ஹோக்கர்ஸ் கோர்னர்’ என்ற பெயரில் அகதி வியாபாரிகளுக்குச் சில இடங்களை ஒதுக்கியது. அதே அகதிகளின் குடியேற்றப் போராட்டங்களில் துணைநின்றே வங்கத்து இடதுசாரி இயக்கம் நகரத்தில் வேரூன்றியது என்பது வரலாறு. பின்னர் சணல் ஆலைகளும் பொறியியற் தொழிற்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நலிந்து கதவடைத்தபோது வேலையிழந்த தொழிலாளரும், பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்தோரும், சுற்றுக் கிராமங்களிலிருந்து காலை ரயிலில் மரக்கறிக் கூடையுடன் வந்திறங்கும் பெண்களும் அக்கூட்டத்திற் சேர்ந்தனர். பிரிவினையும் ஆலைமூடலும் கிராமத்து வறுமையும் ஒருங்கே குந்தியிருக்கும் இடம் அந்த நடைபாதை. அதைச் சட்டம் ‘ஆக்கிரமிப்பு’ என்கிறது. நாட்டைப் பிளந்தவர்களையும் ஆலையை மூடியவர்களையும் குறிக்க அத்துணைக் கடுமையான சொல் சட்டப் புத்தகத்தில் உண்டா?

இவ்வியாபாரிகளால் நகரம் அடையும் பயனும் சிறிதன்று. கல்கத்தாவின் கந்தோர்ப் பகுதியிலே லிகிதரும் பியோனும் சுமைகாரனும் மத்தியான வேளையிற் சோறு உண்பது நடைபாதையிலேதான். மலிவான சட்டை, பிள்ளைக்குச் சப்பாத்து, பாதி விலைக்குப் பழைய புத்தகம் எல்லாம் அங்கேதான். தொழிலாளி குறைந்த செலவில் வாழ முடிவதாலேயே முதலாளி குறைந்த கூலி கொடுத்துத் தப்பிக்கொள்கிறான். நடைபாதைச் சோறு மறைந்தால் கூலி உயர வேண்டும். அல்லது வயிறு சுருங்க வேண்டும். எது நடக்கும் என்பதை வாசகர் அறிவர். வாடகையில்லாத அந்த நாலடி இடத்தினால் உண்மையில் இலாபமடைபவன் அங்கு இருப்பவன் மாத்திரமல்லன். அவன் மலிவாகச் சோறிடுவதால், அவனைக் கண்டு மூக்கைச் சுளிப்பவனும் இலாபமடைகிறான்.

அப்படியானால் 1996இல் என்ன நேர்ந்தது? அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1994இல், மேற்கு வங்க அரசு தனியார் மூலதனத்தையும் அந்நிய மூலதனத்தையும் வரவேற்கும் புதிய தொழிற்கொள்கையை வெளியிட்டிருந்தது. கடைகள் உடைக்கப்பட்டு இரண்டு மாதம் முடியுமுன், 1997 ஜனவரியில், பிரித்தானியப் பிரதமர் ஜோன் மேஜர் தொழிலதிபர் மாநாட்டுக்காகக் கல்கத்தா வந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அக்காலத்திலேயே பலரும் பேசினர். நகரம் தன்னில் வாழ்வோரின் கண்ணால் தன்னைப் பார்க்காமல், மோட்டார் வண்டியின் கண்ணாடியூடாக வருவோரின் கண்ணால் தன்னைப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

எங்கெல்ஸ் 1845இல் மான்செஸ்டர் நகரைப் பற்றி எழுதியதை நமது தோழர்கள் பலர் படித்திருப்பர். பெருந்தெருக்களின் இருபுறமும் கடைகள் வரிசையாக நிற்பதால், பணக்காரர் தம் வண்டிகளிற் போகும்போது பின்னாலுள்ள தொழிலாளர் குடியிருப்பின் அழுக்கு அவர்கள் கண்ணில் படுவதில்லை என்று அவர் காட்டுகிறார். அதே நூலில், ஆலைகளில் இடங்கிடையாத உபரி மக்கள் தோடம்பழமும் சப்பாத்துக் கயிறும் பலகாரமும் கூவி விற்பதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. 1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதுகையில், பாரிஸ் நகரை ஹவுஸ்மான் இடித்துக் கட்டிய முறையை எடுத்துக்கொண்டு, முதலாளி வர்க்கம் இப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுகிறது என்று விளக்குகிறார். இவற்றையெல்லாம் பாடசாலையில் ஓதியவர்கள் ஆட்சியிலமர்ந்ததும் ஹவுஸ்மானாக மாறியது எப்படி?

ஒரு காரணம் தத்துவப் பெயரால் வந்த சோம்பல். நடைபாதை வியாபாரி ஆலைத் தொழிலாளி அல்லன். ஆகவே அவன் குட்டி பூர்ஷ்வா, அல்லது உதிரி வர்க்கம், அவனை நம்பிப் பயனில்லை என்று ஒரு சூத்திரம் நம்மிடையே உலவுகிறது. நேற்று ஆலையிலிருந்தவன் இன்று தெருவிலிருக்கிறான். நாளை எங்கிருப்பான் என்பது அவன் கையில் இல்லை. கூலி வாங்காத காரணத்தால் அவனைத் தொழிலாளர் கணக்கிலிருந்து நீக்குவது முதலாளிக்கு வசதி. நமக்கு என்ன வசதியோ தெரியவில்லை.

மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. கல்கத்தாவின் பரப்பில் வீதிகளுக்குரியது சுமார் 6 சதவீதமே என்று வழக்கமாகக் கூறுவர். அந்தக் குறுகிய வழியிலே நடைபாதை முழுவதும் கடையானால், முதியோரும் பிள்ளைகளும் பஸ் வண்டிகளின் நடுவே இறங்கி நடக்க வேண்டியதாகிறது. பிளாஸ்டிக் கூரைகளின் கீழ் அடுப்பெரிவது ஆபத்து. மேலும், நடைபாதை ஏழைகளின் சமத்துவ பூமியுமன்று. பொலிசாருக்கும் கட்சிக்காரருக்கும் மாமூல் உண்டு. இடத்தைப் பிடித்து வேறொருவனுக்கு வாடகைக்கு விடுபவன் உண்டு. கடனுக்குச் சரக்குக் கொடுத்து வட்டியுடன் உறிஞ்சும் மொத்த வியாபாரி உண்டு. ஆளுங்கட்சியின் தொழிற்சங்கமே நடைபாதை வியாபாரிகளிடையே இயங்கியது. ஒழுங்கு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே வீதியில் ஒரு குடும்பத்தை மட்டும் ஏற்றிச்செல்லும் கார் நாளெல்லாம் நிறுத்திவைக்கப்பட்டிருப்பதை ‘நெரிசல்’ என்றும், பத்துக் குடும்பத்துக்கு உணவளிக்கும் கடையை ‘ஆக்கிரமிப்பு’ என்றும் அழைப்பது ஒழுங்கின் மொழியன்று, வர்க்கத்தின் மொழி.

மொழியாசிரியன் என்ற முறையில் இச்சொற்களே என்னை அதிகம் தொல்லைப்படுத்துகின்றன. 2005ஆம் ஆண்டு மே மாதம் சிம்பாப்வே அரசு ஹராரே முதலிய நகரங்களிற் சந்தைகளையும் குடிசைகளையும் இடித்தது. ஷோனா மொழியில் அதற்கிட்ட பெயர் ‘முரம்பட்ஸ்வினா’. குப்பையை விரட்டு என்பது அதன் கருத்து. வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர் சுமார் 7 இலட்சம் பேர் என்று ஐக்கிய நாடுகளின் விசேட தூதுவர் அறிக்கையிட்டார். அங்கும் இடித்தது விடுதலைப் போராட்டத்தின் பெயரால் ஆட்சிக்கு வந்த கட்சியே. சூரிய ஒளி என்றாலும் குப்பை என்றாலும் செய்யப்படும் வேலை ஒன்றுதான்: மனிதரை இருளாகவும் அழுக்காகவும் உருவகித்துவிட்டால், பின்பு அவர்களை அகற்றுவது வன்முறையாகத் தோன்றாது, துப்புரவாகத் தோன்றும். உருவகம் அணியிலக்கண மாணவனுக்கு மாத்திரமுரிய பொருளென்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க.

இனி நமது இலக்கியத்துக்கு வருவோம். சங்ககாலம் பொற்காலமெனப் போற்றும் பண்டிதர்கள் மதுரைக்காஞ்சியின் அங்காடி வருணனையை மேடைதோறும் சுவைபடக் கூறுவர். அவர்கள் விரைந்து கடந்துவிடும் ஓரிடம் அப்பாட்டில் உண்டு. யானையும் தேரும் குதிரையும் வீரருமாகப் படை தெருவிலே வரும்போது, கையில் பண்டங்களுடன் திரிந்து விற்போர் உயிருக்கு அஞ்சிப் பெருமூச்செறிந்து ஒதுங்குகின்றனர். அவை கடந்துபோன பின், மலைபோன்ற மாடங்களின் நிழலில் மீண்டும் வந்தமர்ந்து தம் வியாபாரத்தைத் தொடர்கின்றனர். மாங்குடி மருதனார் அவர்களைத் திரிவிலைஞர் என்கிறார். மயிர் நரைத்த முதுபெண்டிர் மனைதோறும் சென்று விற்பதையும் காட்டுகிறார். தலையாலங்கானத்து வென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமை உணர்த்த எழுந்த பாட்டு இது. அரசனுக்குக் கூறும் பாட்டிலே அவ்வரசனின் படைக்கு அஞ்சும் தெரு வியாபாரியின் மூச்சைப் பதிவு செய்திருக்கிறார் புலவர்! மாடத்தின் நிழலில் அவர்கள் அமர்ந்ததால் மாடத்தின் அழகு கெட்டதென அவர் கருதவில்லை. சிலப்பதிகாரத்துப் புகாரிலும் மருவூர்ப்பாக்கத்தின் சிறப்பைச் சொல்லவந்த இளங்கோ, பிட்டு விற்பவரையும் அப்பம் விற்பவரையும் மீனும் உப்பும் விற்பவரையும் பெயர் கூறி வரிசைப்படுத்துகிறார். மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே நாளங்காடி நடந்தது மரங்கள் செறிந்த சோலையிலேதான், கட்டடத்திலன்று.

இதனால் பண்டைக்காலத்தில் ஏழைக்குக் குறையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அரச சமுதாயம் அரச சமுதாயமே. ஆனால் நகரத்தை வருணிக்கும்போது விற்பவரை விட்டுவிட்டு வருணிக்க முடியாதென்ற அறிவு அப்புலவர்களிடம் இருந்தது. நாளங்காடியைப் பற்றி ஒரு மணிநேரம் பேசிவிட்டு, மண்டபத்தின் வாசலில் கச்சான் விற்கும் பெண்ணை அப்புறப்படுத்தச் சொல்லும் இரசனை பிற்காலத்தில் நமக்கு வாய்த்தது. நமது சிறுகதைகளிலும் அங்காடி வியாபாரி பெரும்பாலும் பின்னணி ஓசையாகவே வருகிறான். கதாநாயகன் அவனைக் கடந்து கந்தோருக்குப் போகிறான். ‘எங்கள் நகரம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர் நடைபாதைக் கடைகளைக் குறையாகவே எழுதுகின்றனர், அக்கடையில் வாங்கிய பேனாவினால்.

கல்கத்தாவின் கதை அந்த இரவோடு முடியவில்லை. பல சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஹோக்கர் சங்கிராம் கமிட்டி உருவாயிற்று. 1997இல் அரசு மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்தி, நடைபாதையிற் கடை வைப்பதைப் பிணையில் விடமுடியாத குற்றமாக்கியது. இருந்தும் சில ஆண்டுகளுள் வியாபாரிகள் பழைய இடங்களுக்கே திரும்பிவிட்டனர். அவர்களைத் தெருவுக்குக் கொணர்ந்த காரணம் எதையும் சன்ஷைன் தொடவில்லையே!

பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985இல் இந்திய உயர் நீதிமன்றம், உயிர்வாழும் உரிமையில் பிழைப்பும் அடங்கும் என்று கூறிவிட்டு, அகற்றுவதற்கும் அனுமதியளித்தது. 1989இல் தெருவில் விற்பது நியாயமான கட்டுப்பாடுகளுக்குட்பட்ட அடிப்படை உரிமை என்று மற்றொரு வழக்கில் தீர்த்தது. நீண்ட போராட்டத்தின் பின் 2014இல் தெரு வியாபாரிகளின் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடியுமுன் எவரையும் அகற்றக்கூடாது. இடங்களைத் தீர்மானிக்கும் நகரக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளாயிருக்க வேண்டும். அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள். காகிதத்தில் இது பெரிய வெற்றி. எனினும் 2024 ஜூன் மாதத்தில், இடதுசாரிகள் ஆட்சியிழந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த பின், வேறொரு கட்சியின் ஆட்சியிலும் கல்கத்தாவில் புல்டோசர்கள் இறங்கின. எதிர்ப்பெழுந்ததும் ஒரு மாத அவகாசமும் கணக்கெடுப்பும் அறிவிக்கப்பட்டன. முதலில் இடிப்பு, பிறகு கணக்கு.

நமது கொழும்பையும் சிறிது பார்க்க வேண்டும். 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ் கொண்டுவரப்பட்டது. வடிகாலும் நடைபாதையும் இராணுவத்துக்குரிய விடயங்களாயின. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் படையினரின் துணையுடன் இடிக்கப்பட்டன. புறக்கோட்டை நடைபாதை வியாபாரிகள் அகற்றப்பட்டும், பண்டிகைக்காலங்களில் அனுமதிக்கப்பட்டும், பின்னர் மறுபடி அகற்றப்பட்டும் வந்தனர். 2014இல் அவர்களுக்கென்று மிதக்கும் சந்தையொன்று திறக்கப்பட்டது. படம் எடுப்பதற்கு மிக அழகிய இடம். ஆனால் பஸ்ஸுக்கு ஓடும் கூட்டம் அவ்வழியே ஓடவில்லை. பின்னர் கடைகள் பல பூட்டிக் கிடந்தன. தெரு வியாபாரம் நிற்பது கூரையிலன்று, கால்நடையில் என்பதை அதைத் திட்டமிட்டவர் எவரும் பிரதான வீதியிற் கச்சான் விற்பவனிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்திற் சொல்லியிருப்பான்.

கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. சிங்களவரும் முஸ்லிம்களும் மலையகத் தமிழ் இளைஞரும் ஒரே நடைபாதையில் தோளோடு தோள் உரசி நிற்கும் புறக்கோட்டையில், இடத்தைப் பங்கிடும் குழுவில் அவர்களும் அமர வேண்டுமென்ற கோரிக்கையை நமது தொழிற்சங்கங்கள் எந்த மேதினத்தில் தம் பதாகையில் எழுதின? ஆசிரியர் சங்கங்களிலுள்ள நாமும் இதற்கு விடைசொல்ல வேண்டியவர்களே. அடுத்த பண்டிகைக்காலம் முடிந்ததும் மாநகரசபை லொறி மறுபடி வரும்.