யாருக்கு உத்தரவாதம்?

கேரளாவில் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘உத்தரவாதித்த டூரிஸம்’. மலையாளத்தில் உத்தரவாதித்தம் என்றால் பொறுப்பு. நமக்கோ உத்தரவாதம் என்றதும், மிக்ஸி வாங்கும்போது கடைக்காரர் சீல் குத்தித் தரும் அட்டைதான் ஞாபகத்துக்கு வரும். பி.காம். படித்த புத்தியோ என்னவோ, எனக்கு நம்மூர் அர்த்தம்தான் பிடித்திருக்கிறது. பொறுப்பு என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். உத்தரவாதம் என்றால் யார், யாருக்கு, எதற்குக் கொடுத்தது என்று கேட்டாக வேண்டும்.

குமரகம் தெரியும்தானே? கோட்டயத்துக்குப் பக்கத்தில், வேம்பநாட்டுக் காயல் கரையில் இருக்கிற ஊர். 2000 டிசம்பர் கடைசியில் பிரதமராக இருந்த வாஜ்பாய் அங்கே போய்த் தங்கிக் கட்டுரையெல்லாம் எழுதினார். அதற்கு மூன்று வருஷம் முன்பே அந்த வட்டாரத்தின் கதை உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அருந்ததி ராயின் ‘தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்’ 1997-ல் வெளிவந்து புக்கர் பரிசு வாங்கியது. காதல், ஜாதி என்றுதான் அந்த நாவலைப் பற்றிப் பேசுகிறோம். சுற்றுலாத் தொழிலுக்கு அதற்குள் விழுந்திருக்கும் அடியை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் பாழடைந்து கிடந்த வெள்ளைக்காரர் வீட்டை ஒரு ஹோட்டல் கம்பெனி வாங்குகிறது. பக்கத்துக் குடிசைகள் விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்று உயரமாகச் சுவர் எழுப்புகிறார்கள். ஆற்று நாற்றத்தைத்தான் எந்தச் சுவராலும் மறைக்க முடியவில்லை! மணிக்கணக்கில் ஆட வேண்டிய கதகளி, நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இருபது நிமிஷமாகச் சுருங்குகிறது. ஆடியவர்கள் திரும்பும் வழியில் கோயிலுக்குப் போய், கதையைச் சிதைத்ததற்காகச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டு ஆடுகிறார்கள். படித்து இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு மறக்காத இடம் அது.

ஆனால் ராயிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவருடைய ஹோட்டலில் ஊர்க்காரர்களுக்கு இரண்டே கதிதான். ஒன்று, சுவருக்குப் பின்னால் மறைக்கப்படுவது. இல்லையென்றால், குளத்தோரம் ஆடிக் காட்டுவது. விலை பேசுகிற இடத்தில் அவர்கள் இல்லவே இல்லை. நாவல் அப்படித்தான் இருக்கும், சரி. ஊர் அப்படியே இருந்துவிட வேண்டுமா?

2002-ல் கேப் டவுனில் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். வாழ்வதற்கு நல்ல ஊராக முதலில் இருக்கட்டும், பார்ப்பதற்கு நல்ல ஊராக இருப்பது அதற்கு அடுத்தபடி என்பது அதன் சாரம். கேரள அரசு 2007-ல் இதைக் கையில் எடுத்தது. குமரகம், தேக்கடி, வயநாடு, கோவளம் என்று நான்கு இடங்களில் பரீட்சை. ஜெயித்துக் காட்டியது குமரகம்தான்.

எப்படி என்கிறீர்களா? காய்கறியில் ஆரம்பித்தார்கள்! கேரளாவின் சமையலறைக்கு நம் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் லாரி லாரியாகக் காய்கறி போவது தெரிந்த விஷயம். ஆயிரக்கணக்கில் வாடகை வாங்கும் ஹோட்டலுக்கு எதிர்வீட்டிலேயே இருந்தாலும், அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட உள்ளூர்ப் பெண்மணியின் முந்தானைக்கு வர வழியில்லை. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தரிசு நிலத்தில் பயிர் போட்டார்கள். பஞ்சாயத்து நடுவில் நின்றது. ஹோட்டல்கள் வாங்கின. விலை வைக்க ஒரு கமிட்டி, தரம் பார்க்க ஒரு கமிட்டி. என்னைக் கேட்டால், பெரிய கண்டுபிடிப்பு அந்த விலைக் கமிட்டிதான். ராயின் நாவலில் ஊர்க்காரருக்குக் கிடைக்காத நாற்காலி அங்கேதான் போடப்பட்டது. ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பு 2013-ம் வருஷத்து யூலிஸிஸ் விருதைக் கொடுத்தது சும்மா இல்லை. 2017-ல் இதற்கென்று மாநில அளவில் தனி மிஷனே வந்துவிட்டது.

கிராம வாழ்க்கையைக் காட்டும் பேக்கேஜும் உண்டு. கயிறு திரிப்பதை, ஓலை முடைவதை, கள் இறக்குவதைப் போய்ப் பார்க்கலாம். ‘இதுவும் அந்த இருபது நிமிஷக் கதகளிதானே சார்’ என்று நீங்கள் கேட்டால், பாதி சரி. வித்தியாசம் என்னவென்றால், இங்கே அவர் தன் வீட்டு முற்றத்தில் தன் வேலையைச் செய்கிறார். பார்க்கிற காசு நேரே அவர் கைக்குப் போகிறது. நமக்கும் ஒரு லாபம். தேங்காய் மட்டையிலிருந்து கயிறு வருவதற்குள் எத்தனை பாடு என்று ரிசார்ட் ஜன்னலிலிருந்து தெரியாது. ஆனால் திரித்த கயிற்றை வாங்க ஆள் இல்லாமல், திரிப்பதைப் பார்க்க மட்டும் ஆள் வருகிற நாள் வந்தால், அன்றைக்கு அது நாடகம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்திலும், 2020 கொரோனாவிலும் பயணிகள் வரத்து அப்படியே நின்றது. விளைந்த பாகலையும் புடலையையும் சந்தையில் விற்கலாம், வீட்டில் சமைக்கலாம். ஓலை முடைந்து காட்டுவதை வேறு எங்கே விற்பது? அதனால்தான் நான் பேக்கேஜைவிட காய்கறிக் கட்சி.

நம்ம ஆட்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேன் பிடித்துக் குடும்பத்தோடு கிளம்பும்போதே கேஸ் அடுப்பு, அரிசி, புளியோதரை, தண்ணீர் கேன் எல்லாம் ஏறிவிடும். போன ஊரில் நாம் வாங்குவது ஒன்றுமில்லை, விட்டுவிட்டு வருவது பாக்குமட்டைத் தட்டும் பிளாஸ்டிக் கப்பும். வசதி குறைந்தவர்களின் பயணம் அது, கேலி செய்ய மனசு வரவில்லை. ஹோட்டலில் சொன்ன வாடகையை வாய் திறக்காமல் கட்டிவிட்டு, வாசலில் சங்கு வளையல் விற்கும் அம்மாவிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோமே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

குமரகத்துக் கணக்கில் எனக்கு உதைக்கிற இடம் காயல். கத்திரிக்காய்க்கு வரவு எழுதினார்கள், தண்ணீருக்குப் பற்று எழுதியவர் யார்? வேம்பநாடு 2002-லிருந்து ராம்சர் பட்டியலில் இருக்கும் நீர்நிலை. நெல் வயலுக்குள் உப்புநீர் ஏறாமல் இருக்கக் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணையால் காயலின் ஓட்டம் ஏற்கெனவே குறைந்துவிட்டது. போதாக்குறைக்கு, ஒரு காலத்தில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் இப்போது படுக்கையறை, ஏசி, கழிப்பறை சகிதம் டீசலில் ஓடுகின்றன. கழிவு தண்ணீரில் கலக்கிறது என்பது பல வருஷப் புகார். அதே தண்ணீரில் முங்கித்தான் கக்கா அள்ளுகிறார்கள், கரிமீன் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கமிட்டியும் விலை வைக்கவில்லை.

அடுத்த தடவை படகு பேசும்போது ஏசி ராத்திரி முழுக்க ஓடுமா, கரிமீன் பொரித்துத் தருவார்களா என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள். கழிப்பறைத் தொட்டியை எங்கே கொண்டுபோய்க் காலி செய்கிறீர்கள், அந்தச் செலவும் இந்த வாடகையில் இருக்கிறதா?